ஃபார்மட் போட்ட பிறகு நெட் எங்கே போனது?

புதிதாக விண்டோஸ் போட்ட கணினியைத் திறந்ததும் பல வீடுகளில் கண்ணில் படுவது ஒரே காட்சிதான். திரையின் கீழ் மூலையில் ஒரு சின்ன உலக உருண்டை, அதன் மேல் தடைக்குறி, பக்கத்தில் 'நோ இன்டர்நெட்' என்ற வாசகம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கணினியைத் துடைத்துவிட்டு விண்டோஸ் 11 போடுகிறவர்கள், லினக்ஸுக்கு மாறுகிறவர்கள் என்று பலரும் இப்போது இந்தக் காட்சியைச் சந்திக்கிறார்கள். நேற்றுவரை ஓடிய நெட், ஓஎஸ் போட்டதும் காணாமல் போகிறது.

அந்த உருண்டை எதை வைத்து 'இல்லை' என்கிறது? கணினி வலைப்பின்னலில் சேர்ந்ததும், விண்டோஸ் நமக்குத் தெரியாமல் மைக்ரோசாஃப்ட் சர்வர் ஒன்றிலிருந்து ஒரு சிறிய டெக்ஸ்ட் ஃபைலைக் கேட்டு வாங்குகிறது. அந்த ஃபைலுக்குள் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்று ஆங்கிலச் சொற்கள் மட்டுமே இருக்கும். இடைவெளிகளையும் சேர்த்தால் 22 எழுத்து. அந்த 22 எழுத்தும் அப்படியே வந்து சேர்ந்தால் நெட் இருக்கிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் உருண்டையில் தடைக்குறி விழும்.

22 எழுத்து வந்து சேர்வதற்குப் பின்னால் நடக்க வேண்டிய வேலைகள் ஏராளம். கணினியிலுள்ள நெட்வொர்க் கார்டை ஓஎஸ் அடையாளம் கண்டிருக்க வேண்டும். கார்டு, வைஃபை வழியாகவோ லேன் கேபிள் வழியாகவோ ரூட்டரோடு பேசியிருக்க வேண்டும். ரூட்டர் கணினிக்கு ஒரு ஐபி முகவரி கொடுத்திருக்க வேண்டும். வெளியே போகும் வழி கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்வரின் பெயரை எண்ணாக மாற்றித் தர யாராவது இருக்க வேண்டும். இவற்றில் எது அறுந்தாலும் திரையில் தெரிவது அதே உருண்டை, அதே தடைக்குறி. 'நெட் வரலை' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் குறைந்தது ஐந்தாறு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. காரணம் தெரியாமல் ரூட்டரை ரீசெட் செய்வதும், மறுபடி ஃபார்மட் போடுவதும் அதனால்தான் பெரும்பாலும் வீண். ரூட்டரின் பின்னால் இருக்கும் அந்தச் சின்னத் துளையில் குண்டூசியை விடுவது வீண் என்பதோடு ஆபத்தும்கூட. கேபிள்காரர் அதற்குள் போட்டுவைத்த கணக்கு விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடலாம். அதுவரை போனிலாவது ஓடிக்கொண்டிருந்த நெட்டும் பிறகு நின்றுவிடும்.

நிதானமாக யோசித்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். ஃபார்மட் அழிப்பது டிஸ்கில் இருந்ததை மட்டும்தான். தெருவில் வரும் ஃபைபருக்கோ, சுவரில் மாட்டிய பெட்டிக்கோ, ரூட்டருக்கோ நாம் ஓஎஸ் மாற்றிய விஷயமே தெரியாது. நெட்வொர்க் கார்டின் பிறவி எண்ணான மேக் முகவரிகூட கார்டின் சிப்பிலேயே பதிந்திருக்கிறது, டிஸ்கில் இல்லை. அப்படியானால் நம் கேள்வி இதுதான்: நெட்டுக்குத் தேவையானவற்றில் டிஸ்கில் குடியிருந்தவை எவை? கார்டுக்கான டிரைவர், வைஃபை பாஸ்வேர்டு, சில வீடுகளில் இணைப்புக்கான யூசர் ஐடி, யாரோ எப்போதோ கையால் போட்டுவைத்த ஐபி, டிஎன்எஸ் எண்கள், நேர அமைப்பு. ஏறக்குறைய இவ்வளவுதான்.

இந்த யோசனை பொருந்த ஒரு நிபந்தனை உண்டு: லைன் உண்மையிலேயே உயிரோடு இருக்க வேண்டும். ஓஎஸ் போட்ட அதே மதியம் தெருக்கோடியில் ஃபைபர் அறுந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் முதலில் அதே வைஃபையில் ஒரு போனை இணைத்துப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட வேண்டும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். வைஃபை செத்துக் கிடக்க, போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்கு மாறி வீடியோ ஓட்டிக்கொண்டிருக்கும். 'போன்ல நல்லா வருதே' என்று நாம் கணினியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலும் கோளாறு வெளியேதான். வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபரில் நம்மை நோக்கி வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், நம்மிடமிருந்து போவது 1310. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஒரே கண்ணாடி இழையில் எதிரெதிராக ஓடுகின்றன. வரும் ஒளி நின்றுபோனதைத்தான் அந்தச் சிவப்பு விளக்கு சொல்கிறது.

போனில் வருகிறது, கணினியில் வரவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவரை.

நெட்வொர்க் கார்டு என்பது ஒரு சிப். அதனிடம் 'இந்தத் தகவலை அனுப்பு' என்று சொல்ல, அதன் எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணை எழுத வேண்டும், தகவல் வந்தால் அது எப்படிக் குரல் கொடுக்கும் என்பதெல்லாம் சிப்புக்குச் சிப்பு மாறும். அந்த விவரத்தைத் தெரிந்துவைத்திருக்கும் மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸ் நிறுவலுக்குப் பயன்படும் பென் டிரைவில் ஆயிரக்கணக்கான சாதனங்களுக்கு டிரைவர்கள் இருக்கின்றன. ஆனால் அந்தத் தொகுப்பு தயாரான தேதிவரை மைக்ரோசாஃப்ட்டிடம் வந்து சேர்ந்த டிரைவர்கள் மட்டுமே அதில் இருக்கும். அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த வைஃபை சிப் என்றால், ஓஎஸ்ஸுக்கு அது முகம் தெரியாத ஆள். பழைய ஓஎஸ்ஸில் அது வேலை செய்ததற்குக் காரணம், லேப்டாப் நிறுவனம் தொழிற்சாலையிலேயே டிரைவரைப் போட்டு அனுப்பியிருந்தது. ஃபார்மட்டில் அதுவும் போய்விட்டது.

டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற பிரிவில் வைஃபை கார்டு இருக்காது. அதற்குப் பதிலாக 'அதர் டிவைசஸ்' என்ற பிரிவு தோன்றி, 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' அல்லது 'ஈத்தர்நெட் கன்ட்ரோலர்' என்ற பெயரில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒன்று நிற்கும். அதை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் வழியாக 'ஹார்ட்வேர் ஐடி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரி வரும். பார்க்கக் கடினமாக இருந்தாலும் அதில் நமக்கு வேண்டியது இரண்டே துண்டுகள். முதல் துண்டு தயாரிப்பாளரின் எண், இரண்டாவது சாதனத்தின் எண். தயாரிப்பாளர் எண் 8086 என்று இருந்தால் அது இன்டெல். 1978-இல் வந்து உலகப்புகழ் பெற்ற தன் பிராசஸரின் எண்ணையே அந்த நிறுவனம் அடையாளமாக வாங்கிக்கொண்டிருக்கிறது. 10இசி என்றால் தைவானின் ரியல்டெக். அதோடு சாதன எண் 8168 என்று வந்தால், உலகமெங்கும் மதர்போர்டுகளில் கொட்டிக் கிடக்கும் ரியல்டெக்கின் கிகாபிட் லேன் சிப் குடும்பம். எந்த ஓஎஸ்ஸும் பெயர் சொல்ல மறுக்கும் சிப்பாக இருந்தாலும், இந்த எண்ணை மறைக்காது. கடையில் 'வைஃபை டிரைவர் வேணும்' என்று கேட்பதற்கும் இந்த இரண்டு எண்களைக் காட்டிக் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் டிரைவரை இறக்க நெட் வேண்டும். நெட்டுக்கு டிரைவர் வேண்டும். இந்த முடிச்சில்தான் பலர் சலித்துப்போகிறார்கள். விண்டோஸ் 11 இதை இன்னும் இறுக்கிவிட்டது. ஹோம் பதிப்பில் முதல் அமைப்பின்போதே இணைப்பைக் கேட்டு நிற்கிறது. வைஃபை பட்டியலே காலியாக இருந்தால், 'நெக்ஸ்ட்' பொத்தானும் மங்கலாகவே இருக்கும்.

முடிச்சை அவிழ்க்க நம் சட்டைப்பையிலேயே ஒன்று இருக்கிறது: ஆண்ட்ராய்டு போன். சார்ஜர் கேபிளால் போனைக் கணினியோடு இணைத்து, போனின் செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால், சில நொடிகளில் கணினிக்கு நெட் வந்துவிடும். இது எப்படி வேலை செய்கிறது என்பது அழகான விஷயம். அந்த நிமிடத்தில் போன், கணினியிடம் தன்னை ஒரு போனாகக் காட்டிக்கொள்வதில்லை. 'நான் ஒரு நெட்வொர்க் கார்டு' என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதற்குப் பெரும்பாலும் பயன்படுவது ஆர்என்டிஐஎஸ் என்ற பேச்சுமுறை. அதை வகுத்ததே மைக்ரோசாஃப்ட்தான் என்பதால், அதற்கான டிரைவர் விண்டோஸோடு கூடவே வருகிறது. லினக்ஸிலும் உண்டு. கணினியின் சொந்தக் கார்டை அடையாளம் தெரியாத ஓஎஸ்ஸுக்கு, போன் என்கிற கார்டை நன்றாகத் தெரிகிறது. சிம் டேட்டா தீர்ந்துபோயிருந்தாலும் கவலையில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கேபிள் வழியாகக் கணினிக்குக் கடத்தும். ஐபோன் என்றால் ஆப்பிளின் தனி டிரைவர் தேவைப்படும்; எனவே இந்த அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு ஆண்ட்ராய்டு போனைக் கடன் வாங்குவதே உத்தமம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் தகவல் கம்பிகளே இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இப்படி நெட் கிடைத்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓட்டினாலே பெரும்பாலான கார்டுகளுக்கு டிரைவர் தானாக வந்து அமரும். வராவிட்டால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில், அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போட்டு எடுக்க வேண்டும். 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று அழைக்கும் முகம் தெரியாத தளங்களின் பக்கம் போகவே கூடாது. டிரைவர் என்பது கணினியின் மிக ஆழமான அதிகார மட்டத்தில் ஓடும் மென்பொருள். அந்த இடத்துக்கு யாரையோ உள்ளே விடுவதைவிட ஒரு நாள் நெட் இல்லாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

லினக்ஸ் போட்டவர்களுக்கு இதே பிரச்சினை வேறு வடிவத்தில் வரும். அங்கே டிரைவர் பெரும்பாலும் கெர்னலிலேயே இருக்கும், ஃபர்ம்வேர் இருக்காது. டிரைவர் நம் பிராசஸரில் ஓடுவது. ஃபர்ம்வேர் கார்டுக்குள்ளே இருக்கும் குட்டி பிராசஸரில் ஓடுவது. இன்டெல் வைஃபை கார்டுகள் உட்பட நிறைய கார்டுகள் தம் ஃபர்ம்வேரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் ஓஎஸ்தான் அதை டிஸ்கிலிருந்து எடுத்துக் கார்டுக்குள் ஏற்றியாக வேண்டும். அந்த ஃபைல்களின் மூலநிரல் வெளியிடப்படாதது என்பதால், டெபியன் நெடுங்காலம் அவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் தொகுப்பில் சேர்க்க மறுத்துவந்தது. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்திக் கொள்கையைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேரும் கூடவே வருகிறது. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியாக நின்றவர்களை மதிக்கிறேன். இருந்தாலும், நெட் இல்லாமல் திகைத்து நிற்கும் புதியவர் ஒருவர் லினக்ஸையே கைவிட்டுப் போவதைவிட இந்த முடிவு நல்லது என்றே சொல்வேன்.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உள்நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது. சில கார்டுகளை அரைத் தூக்கத்திலேயே விட்டுவிடுகிறது. அடுத்து எழும் லினக்ஸ் அந்தக் கார்டைத் தட்டினால் பதில் வராது. டிரைவரில் குறை எதுவும் இல்லாமலேயே கார்டு காணாமல் போனதுபோலத் தெரியும். விண்டோஸில் அந்த வசதியை நிறுத்திவிட்டு, மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து மறுபடி போட்டுப் பார்த்தால் பல நேரங்களில் கார்டு திரும்பி வந்துவிடும்.

கார்டு எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு நினைவில் இல்லாவிட்டால், ஏற்கெனவே இணைந்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் அந்த வைஃபையைத் தொட்டு 'ஷேர்' கொடுத்தால் க்யூஆர் குறியீடு வரும். பல போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் தெரியும். இதில் மேலும் விளக்க எதுவுமில்லை. விளக்கம் தேவைப்படுவது பிபிபிஓஇ என்ற இன்னொரு வகை இணைப்புக்கு.

நம் ஊர்களில் கேபிள் டிவிக்காரர் வழியாக நெட் வாங்கிய வீடுகள் சிலவற்றில், சுவரிலுள்ள பெட்டி வெறும் பாலமாக மட்டுமே இருக்கும். இணைப்பை எழுப்புவது கணினியின் வேலை. டெஸ்க்டாப்பில் 'பிராட்பேண்ட் கனெக்ஷன்' என்று ஓர் ஐகான் இருக்கும். அதற்குள் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் சேமித்திருக்கும். காலையில் அதைச் சொடுக்கினால் நெட் வரும். டயல்அப் காலத்தில் போன் லைன் இணைப்புக்குப் பயன்பட்ட முறையை ஈத்தர்நெட் கேபிளின் மேல் ஏற்றி 1999-இல் வகுத்ததுதான் இந்த பிபிபிஓஇ. ஃபார்மட் போட்டால் அந்த ஐகானும் போகும், ஐடியும் போகும். கேபிள் சரியாக இருக்கும், விளக்குகள் பச்சையாக எரியும், நெட் மட்டும் வராது. இங்கே டிரைவரைத் தேடி அலைவதில் பயனில்லை. கேபிள்காரரிடம் ஐடியைக் கேட்டு வாங்கிப் புது இணைப்பை உருவாக்க வேண்டும். பிழை எண்ணும் துப்புக் கொடுக்கும். 691 வந்தால் மறுமுனை பதில் சொல்கிறது, ஆனால் ஐடியோ பாஸ்வேர்டோ தவறு. 651 வந்தால் மறுமுனையிலிருந்து பதிலே இல்லை. கேபிளையோ கார்டையோ பெட்டியையோ பார்க்க வேண்டும்.

இதே முறையில் இன்னொரு விசித்திரமும் நேரும். சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நின்றுவிடும். ஈத்தர்நெட்டில் ஒரு பொட்டலம் சுமக்கக்கூடியது 1500 பைட். பிபிபிஓஇ தன் தலைப்புக்காக அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் மீதி 1492. வழியில் யாராவது இந்தக் கணக்கைக் கவனிக்காமல் 1500 பைட் முழுக்க நிரப்பி அனுப்பினால், பெரிய பொட்டலங்கள் மட்டும் சத்தமில்லாமல் கைவிடப்படும். சின்னத் தகவல்கள் போய்வரும், பெரிய பக்கங்கள் தொங்கும். ஒரு பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியூவை 1492 ஆக்கினால் சரியாகிவிடும். எட்டே எட்டு பைட்டில் ஒரு வீட்டின் மாலைப்பொழுதே போய்விடக்கூடும்.

இனி முகவரி. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும் வரிகளில் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் நல்லது; ரூட்டர் கொடுத்த முகவரி அது. 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று அர்த்தம். எழுந்ததும் கணினிக்கு முகவரி கிடையாது. 0.0.0.0 என்ற வெற்று முகவரியிலிருந்து 255.255.255.255 என்ற பொது முகவரிக்கு, அதாவது கேட்கும் தூரத்தில் இருக்கும் எல்லோருக்கும், 'எனக்கு ஒரு முகவரி தருவார் யாராவது உண்டா?' என்று கூவுகிறது. ரூட்டர் 'இதை வைத்துக்கொள்' என்று ஒன்றை நீட்டும். கணினி 'சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்' என்கிறது. ரூட்டர் 'பதிந்துகொண்டேன்' என்கிறது. இந்த நான்கு பேச்சுகளுக்குப் பெயர் டிஹெச்சிபி. இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1997-இல் வகுக்கப்பட்டது. கூவிக் கூவிப் பார்த்தும் பதில் வராவிட்டால், கணினி 169.254 வரிசையில் தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது.

பதில் வராததற்குக் காரணம் கேபிளாக இருக்கலாம், அரைகுறை டிரைவராக இருக்கலாம். சில வீடுகளில் காரணம் ரூட்டரின் மேக் பட்டியல். பிள்ளைகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தவோ பக்கத்து வீட்டார் நுழையாமலிருக்கவோ, குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும்படி யாரோ ஒருகாலத்தில் அமைத்திருப்பார்கள். கார்டு அதேதான் என்றாலும், புதிய ஓஎஸ்ஸில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' இயங்கினால் கார்டு வேறொரு எண்ணைச் சொல்லிக்கொண்டு போய் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மேக் முகவரி 48 பிட் நீளம். பன்னிரண்டு இலக்கங்களாக எழுதுவார்கள். அதில் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், அது தொழிற்சாலையில் பதித்த எண் அல்ல, மென்பொருள் சூட்டிய எண்.

முகவரியும் வந்துவிட்டது, ஆனாலும் தளம் திறக்கவில்லை என்றால் பிங் என்ற கருவி வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது விவசாயி வாய்க்கால் ஓரமாகவே நடந்து, எந்த மடைவரை தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். பிங் செய்வதும் அதுதான். இதை எழுதியவர் மைக் முஸ். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் 1983 டிசம்பரில் வலைப்பின்னல் கோளாறு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்காக, சுமார் ஆயிரம் வரி நிரலை ஒரே மாலையில் எழுதி முடித்தார். நீர்மூழ்கியின் சோனார் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதிலிருந்து பிறந்த யோசனை அது. நாற்பதாண்டுகளுக்குப் பிறகும் எல்லா ஓஎஸ்களிலும் அது இருக்கிறது.

முதலில் ரூட்டரைத் தட்டுங்கள். 'ஐபிகான்ஃபிக்' காட்டும் 'டிஃபால்ட் கேட்வே'தான் அதன் முகவரி. பல வீடுகளில் 192.168.1.1. பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அடுத்து 8.8.8.8. அது கூகுளின் சர்வர். பதில் வந்தால் நெட் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, தளங்கள்தான் திறக்கவில்லை. பதில் வராதபோது திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்றால் கேள்வி போனது, எதிர்முனை மௌனம். 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்றால் அங்கே போகவே வழியில்லை என்று யாரோ நமக்குச் சொல்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்பது அதே வரியின் தொடக்கத்திலேயே இருக்கும். பல நேரங்களில் அது நம் கணினியின் சொந்த முகவரி! அதாவது கேள்வி வீட்டுக்குள்ளேயே ரூட்டரைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இதில் விண்டோஸ் ஒரு குழப்பம் செய்கிறது: இந்த மறுப்பையும் பதில் வந்த கணக்கில் சேர்த்து, கடைசியில் 'இழப்பு 0%' என்று போட்டுவிடும். சதவீதத்தை மட்டும் பார்க்கிறவர் ஏமாந்துபோவார். பிங்குக்குப் பதில் சொல்லக் கூடாது என்று அமைத்த சர்வர்களும் உண்டு என்பதால், ஒரு தளத்தின் மௌனத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரவும் கூடாது.

8.8.8.8 பதில் சொல்லியும் தளம் திறக்காவிட்டால் அடுத்த சந்தேகம், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ். இணையத்தின் ஆரம்ப நாட்களில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஃபைலில் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது அதை நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபோது அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் அந்த ஒற்றை ஃபைலை உலகெங்கும் பரவிய சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. நம் பழைய ஓஎஸ்ஸில் யாராவது 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ டிஎன்எஸ்ஸைக் கையால் போட்டுவைத்திருந்தால், ரூட்டர் சொல்லும் டிஎன்எஸ் எத்தனை மோசமாக இருந்தாலும் நமக்குத் தெரிந்திருக்காது. ஃபார்மட்டுக்குப் பிறகு கணினி ரூட்டர் சொல்வதையே கேட்கிறது. பழைய நோய் அப்போதுதான் வெளியே வருகிறது. டிஎன்எஸ் எண்ணைத் திரும்பப் போட்டால் தளங்கள் திறக்கும்.

கடைசியாக ஒன்று. நெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தோன்றுவதாலேயே யாரும் பார்க்காத ஒன்று: கடிகாரம். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் மறைகுறியீட்டுச் சான்றிதழோடுதான் வருகின்றன. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உலகில் மிகுதியாகப் பயன்படும் லெட்ஸ் என்கிரிப்ட் தன் சான்றிதழ்களை வழக்கமாக 90 நாளுக்கே கொடுத்துவந்திருக்கிறது. பழைய கணினியின் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், மின்சாரத்தைப் பிடுங்கியதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். ஃபார்மட்டுக்காக சிபியுவைக் கடைக்குத் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவரும்போது நடப்பது அதுதான். அந்தத் தேதியில் நின்று பார்த்தால் இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் சிவப்புக் கொடி காட்டும். பிங் மட்டும் அழகாகப் போய்வரும். நெட் இருந்தால் நேரம் தானாகத் திருந்திவிடாதா என்று கேட்கலாம். சில நிமிட வித்தியாசம் என்றால் திருந்தும். ஆனால் விண்டோஸின் நேரச் சேவைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. வீட்டுக் கணினிகளில் அது வழக்கமாக 15 மணி நேரம். அதற்கு மேல் போனால் வந்த நேரத்தின் மேலேயே அதற்குச் சந்தேகம் வந்து, திருத்தாமல் விட்டுவிடலாம். தேதியை நாமே போட வேண்டும். பிறகு பேட்டரியை மாற்ற வேண்டும். லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்து இருக்கும் கணினியில் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் பொதுவாக உலக நேரமாகப் படிக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வித்தியாசம் 5 மணி 30 நிமிடம்.

இவ்வளவு பார்த்தும் ரூட்டர்வரை பதில் வந்து, 8.8.8.8 மட்டும் வராமல், போனிலும் அதே நிலைமை என்றால் கேபிள்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். 'அண்ணே, நெட் வரலை' என்று ஆரம்பித்தால் 'ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற பதில்தான் வரும். 'அண்ணே, ரூட்டருக்கு பிங் போகுது, 8.8.8.8-க்குப் போகலை, போன்லயும் இல்லை, எல்ஓஎஸ் லைட் எரியலை' என்று சொன்னால் அவர் நேராகத் தன் பக்கம் பார்ப்பார். அவருக்கும் ஒரு நடை மிச்சம்.

மறுபடி எப்போதாவது ஃபார்மட் போடுவதாக இருந்தால், பழைய ஓஎஸ் உயிரோடு இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டியவை கொஞ்சம்தான். விண்டோஸில் 'பிஎன்பியூட்டில்' என்ற கட்டளை, கூடுதலாகப் போட்ட டிரைவர்கள் அனைத்தையும் ஒரு ஃபோல்டருக்கு ஏற்றுமதி செய்து தரும். 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை 'ஆல்' என்ற சேர்க்கையோடு ஓட்டினால் ஐபி, டிஎன்எஸ், மேக் எல்லாம் ஒரே திரையில் வரும்; போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். வைஃபை பாஸ்வேர்டு, பிபிபிஓஇ ஐடி இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளலாம். டிரைவர் ஃபோல்டரை பென் டிரைவில் வையுங்கள். 'டி டிரைவ்ல இருக்கே, அது போகாது' என்று விட்டுவிட வேண்டாம். கடையில் நிறுவும்போது டிஸ்கின் எல்லாப் பகுதிகளையும் அழித்துப் புதிதாகப் பிரித்தால், சி போகும்போது டியும் கூடவே போய்விடும்.